மதினியின் ரத்த மாதிரி

என் ஆராய்ச்சிக்கு நோயில்லாத பெண்கள் மூன்று பேர் குறைந்தார்கள். நோயாளிகள் வேண்டிய அளவுக்குக் கிடைத்துவிட்டார்கள். மதுரையில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே மூட்டுவாதப் பிரிவு நடக்கிற நாட்களில் வாசலில் போய் நின்றால் போதும், வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் மூட்டில் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்கள்தான் சிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் என் வரைபடத்தைக் காட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதினிக்குப் போன் செய்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வரை எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டது அவர்தான். வீட்டில் எல்லாரையும் போல அவரும் என்னைப் பாப்பா என்றே கூப்பிடுவார்.

"எத்தன பேரு வேணும் பாப்பா?"

"மூணு பேரு மதினி. நாப்பது வயசுக்குள்ள. ஒரு நோயும் இருக்கப்படாது."

"நான் இருக்கேன். தறியில எங்கூட நிக்கிறவள்ல ரெண்டு பேரக் கூட்டியாரேன். நீ ஞாயித்துக்கெழம காலைல வா."

அவர் சொன்னபடியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பெண்கள் தலைசீவிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தார்கள். போட்டோ எடுப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ. கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரை ஊசி குத்துவதற்கு ஏற்பாடு செய்திருந்தேன். அவரும் வந்துவிட்டார். சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

மதினி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சு என்னதான் பண்ணுவ நீ? எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு."

பதில் சொல்ல எனக்குப் பிடித்த கேள்வி அது. ஆய்வுக் கூடத்துக்கு வெளியே யாரும் கேட்பதில்லை.

"நம்ம ஒடம்புல சண்ட போடுத செல்லு நெறைய இருக்கு மதினி. கிருமி வந்தா அடிக்கும். சில பேருக்கு அது நம்ம ஒடம்பையே அடிக்க ஆரம்பிச்சிரும். போதும் நிறுத்துன்னு அத அடக்குததுக்குன்னு வேற செல்லு இருக்கு. நான் பாக்கது அந்த அடக்குத செல்ல."

"அது எப்படி நிறுத்துன்னு சொல்லும்? வாயா இருக்கு அதுக்கு?"

"வாய் இல்ல. மேல்புறமெல்லாம் புரதம் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேல. ஒண்ணு, சண்டக்கார செல்லுக்குச் சாப்பாடு மாதிரி இருக்க ஒரு பொருள முந்திக்கிட்டு உறிஞ்சிரும். நான் பாக்கது இன்னொண்ணு. சண்டைக்குக் கூப்பிடுத செல்லுமேல ஒரு அடையாளம் நீட்டிக்கிட்டு இருக்கும். இந்தப் புரதம் அதப் புடிச்சுப் பிச்சு உள்ள இழுத்துக்கிடும். அடையாளம் போயிட்டா சண்டைக்கு உத்தரவு கெடைக்காது."

"அப்ப அந்தப் புரதம் கொறஞ்சு போச்சுன்னா?"

"அடக்க ஆளில்லாமப் போயிரும். மூட்டுவாதக்காரங்களுக்கு அப்படித்தான் ஆவுதான்னு பாக்கோம்."

மதினி மற்ற இருவரையும் பெருமையாகப் பார்த்தார். நான் சொன்னது எவ்வளவு விளங்கியதோ, நான் சொன்னேன் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

ரத்தம் எடுப்பதற்கு முன் நான் கேட்டுக் குறிக்க வேண்டிய கேள்விகள் பத்து. கடந்த மாதம் காய்ச்சல் உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா என்று போகும். ஏழாவது, மூட்டுகளில் வலியோ வீக்கமோ உண்டா. எட்டாவது, காலையில் எழுந்ததும் கைகால் விறைப்பு உண்டா. முதல் இரண்டு பெண்களும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். மதினி ஏழாவது கேள்வியில் கொஞ்சம் யோசித்தார்.

"வலின்னு சொல்ல முடியாது பாப்பா. ஆனா காலைல எந்திச்சா ரெண்டு கையும் மடங்க மாட்டேங்கு. வெந்நிக்குள்ள முக்கி வச்சிருந்து, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தோச கரண்டியே புடிக்க முடியுது. ரெண்டு மூணு மாசமா இப்படித்தான்."

என் பேனா எட்டாவது கேள்விக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று வருடமாக நான் படித்துக்கொண்டிருந்த நோயின் முதல் வாசல் அது. இரண்டு கையிலும், காலையில், ஒரு மணி நேரம். என்னைவிட அதைத் தெளிவாக அடையாளம் காணக்கூடியவர்கள் அந்த ஊரில் அன்றைக்கு அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். ஆமாம் என்று குறித்தால் மதினி என் பட்டியலில் சேர முடியாது. இரண்டு பேரின் ரத்தத்தோடு மட்டும் மதுரைக்குப் போக வேண்டும்.

"நாள் முழுக்க அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டா கை அப்படித்தான் இருக்கும் மதினி," என்றேன்.

"அப்படியா சொல்லுத?"

"ஆமா."

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். மதினியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து நரம்பைத் தேடினார்.

மூன்று குழாய்களையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, ராஜபாளையம் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நேராக ஆய்வுக் கூடத்துக்குப் போய் வேலையை ஆரம்பித்தேன். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, நாம் தேடுகிற புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் சாயத்தைச் சேர்த்து, இயந்திரத்தில் விட வேண்டும். ஒவ்வொரு செல்லும் ஒளிக்கற்றைக்கு முன்னால் தனித்தனியாகக் கடந்து போகும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு புரதம். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி.

முதல் இரண்டு மாதிரிகளும் நான் எதிர்பார்த்த இடத்தில் வந்தன. மூன்றாவது மதினியுடையது. அடக்குகிற செல்கள் எண்ணிக்கையில் குறையவில்லை. அவற்றின் மேல் நான் தேடிய புரதம்தான் மங்கிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு புள்ளியாக இருந்த என் வரைபடத்தில் அதை வைத்தபோது நோயில்லாதவர்களின் கூட்டத்தை விட்டு விலகி, நோயாளிகளின் புள்ளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. மீதியிருந்த செல்களில் மறுபடியும் சாயமேற்றிப் பார்த்தேன். அதே இடம்.

ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினேன்: 'பயணச் சூட்டில் மாதிரி கெட்டிருக்கலாம். நீக்கப்பட்டது.' அந்தப் பெட்டிக்குள் மூன்று குழாய்களும் ஒட்டி ஒட்டித்தான் இருந்தன. அதே பஸ், அதே சூடு. மற்ற இரண்டும் கெடவில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் நன்றாக நடந்தது. என் நெறியாளரான மேடம், "ஒரு சாம்பிள் ஏன் குறையுது?" என்று கேட்டார். "வெயில்ல கெட்டுப்போச்சு மேடம்," என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அன்று மதினி போன் செய்தார்.

"கூட்டம் முடிஞ்சுதா? என் ரத்தம் எப்படி இருந்துச்சு?"

ஆய்வுக்கு எடுத்த ரத்தத்தின் முடிவைத் தனியாகச் சொல்வதற்கில்லை என்று அவர் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். கை மடங்கவில்லை என்றீர்களே, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் கூட்டம் முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

"நல்லா இருக்கு மதினி," என்றேன்.

அந்த மூன்று சொற்களை அவர் என்ன செய்தார் என்பது எனக்கு அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. சாப்பாடு பரிமாற வந்தவர், தன் விரல் கணுக்களில் கோவிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார். கரண்டியை நான்கு விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அண்ணன் என்னிடம் முறையிட்டான்.

"நீயாவது சொல்லுட்டி. தென்காசில டாக்டரப் பாப்போம்னா கேக்க மாட்டேங்கா."

"எதுக்கு டாக்டரு?" என்றார் மதினி. "என் ரத்தத்த மதுரைல பெரிய மிஷின்ல வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு பாப்பா சொல்லிட்டா. வேலைனால வாரது, தானாப் போவும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியவில்லை. கட்டுரையின் முதல் வரைவு அப்போது மேடத்தின் மேசையில் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது வாசலில் வைத்து, "எதுக்கும் ஒருக்கக் காட்டிருங்க மதினி," என்று சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "சரி சரி, நீ பத்திரமாப் போ," என்றார்.

வைகாசியில் ஒரு நாள் காலை, வழக்கம்போலப் படிவங்களை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் மூட்டுவாதப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ உட்கார்ந்திருந்தது மதினி. பக்கத்தில் அண்ணன், மடியில் எக்ஸ்ரே உறை.

"ஒனக்குப் பரீட்சை மாதிரி ஏதோ நடக்குன்னாவ ஒங்கண்ணன்," என்றார் மதினி. "அதான் சொல்லல. பஸ்ல உக்காந்தே வந்துட்டோம், கூட்டமில்ல."

அவர் சேலைத் தலைப்புக்குள் கைகளை மறைத்து வைத்திருந்தார். நான் கேட்காமலே அண்ணன் சொன்னான், மதினி தறிக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்று. நூல் முனையைப் பிடிக்க முடியவில்லையாம்.

டாக்டருக்கு என்னைத் தெரியும் என்பதால் நானும் கூட உள்ளே போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். விரல் எலும்புகளின் ஓரத்தில் சிறு சிறு குழிகளைக் காட்டினார். "எலும்பை அரிக்க ஆரம்பிச்சிருச்சும்மா. எத்தனை நாளா இருக்கு?"

"போன வருசம் மாசிக்கு முன்னாலயே."

"அப்பவே வந்திருந்தா இந்த அளவுக்குப் போகாம பிடிச்சிருக்கலாமே. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"ரத்தம் நல்லாருக்குன்னு சொன்னாவ, டாக்டர்."

"யார் சொன்னது? எங்க பாத்தீங்க?"

நான் மதினியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் திரும்பவில்லை.

"எங்கயோ பாத்தது," என்றார்.

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரையைப் பற்றி விளக்கினார். நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொள்பவள் போலத் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் மதினி என் கையிலிருந்த படிவங்களைப் பார்த்தார். "இதுக்குத்தான நீ இங்க வருவ? எங்கிட்டயும் எடுத்துக்கோ. இப்ப நான் நோயாளி கணக்குல வருவம்லா."

"வேண்டாம் மதினி."

"ஏன், என் ரத்தம் ஆவாதா?"

இயந்திரம் ரிப்பேர் என்று ஏதோ சொன்னேன். அதுவும் பொய்.

அன்று மத்தியானமே மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். எட்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். முடித்ததும் மேடம் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி, நான் எழுதிய அந்த வரியைப் படித்தார்.

"அந்தப் புள்ளியைப் பார்த்து நோய்னு சொல்லியிருக்க முடியாது," என்றார். "ஒரு ஆளோட ஒரு சாம்பிள். அதுக்கு அந்த பலம் கிடையாது. அதைச் சொல்லி நீ உன்னை வருத்திக்க வேண்டாம்." எனக்கு மூச்சு வந்தது. அவர் குறிப்பேட்டை மூடினார். "ஆனா அவங்க வாயாலயே சொன்னாங்களே. அதுக்கு மிஷின் எதுக்கு? அந்தப் புரதத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச உனக்கு, அதை எதுக்காகப் படிக்கிறோம்னு தெரியல."

நான் அழுதேன். அழட்டும் என்று விட்டுவிட்டு, செய்ய வேண்டியவற்றை மேடம் ஒரு தாளில் எழுதினார். நெறிமுறைக் குழுவுக்கு நானே கடிதம் எழுத வேண்டும். மதினியின் மாதிரி கெட்டதால் அல்ல, சேர்த்திருக்கவே கூடாததால் நீக்கப்படுகிறது என்று திருத்த வேண்டும். நான் கேள்வி கேட்டுக் குறித்த நோயில்லாத பெண்கள் எல்லாரிடமும் இன்னொருவர் போய்த் திரும்பக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதில் மேலும் இரண்டு பேர் தங்களுக்குக் காலையில் விறைப்பு உண்டு என்றார்கள். அந்த இருவரையும் நான் என்ன கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர்களை டாக்டரிடம் அனுப்பினோம். ஒருவருக்கு ஒன்றுமில்லை. இன்னொருவருக்கு ஆரம்ப நிலையிலேயே மாத்திரை தொடங்கினார்கள். என் கட்டுரை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது.

மதினியிடம் சொல்வதுதான் கடைசியாக நின்றது. இரண்டு வாரம் நாளை நாளை என்று தள்ளினேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். மதினி முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தறிக் கூடத்திலிருந்து வந்த சேலைகளைப் பிரித்து, பிசிறு இருக்கிறதா என்று பார்த்து மடித்துக்கொண்டிருந்தார். முதலாளி பார்த்துக் கொடுத்த வேலை. விரலால் பிடிக்காமல் மணிக்கட்டால் தள்ளித் தள்ளி மடித்தார்.

நான் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குறி போட்டது, புள்ளி விலகி விழுந்தது, நீக்கியது, நல்லா இருக்கு என்று சொன்னது. பாதியில் அவர் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்தப் புள்ளி விசயமெல்லாம் எனக்குத் தெரியாது," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. கை மடங்கலன்னு நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சு மதினி."

அவர் மடியில் பாதி மடித்துக் கிடந்த சேலையை ஒதுக்கி வைத்தார்.

"கேக்கலன்னு சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும் பாப்பா."

அப்புறம் அடுத்த சேலையை இழுத்தார். உதவலாம் என்று நான் ஒரு முனையைப் பிடித்தேன். "விடு, நான் பாத்துக்கிடுவேன்," என்றார். சத்தம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவும் இல்லை. அந்த வீட்டில் அவர் அதைச் சொல்லாமல் நான் கிளம்பிய ஒரே நாள் அது.

ஏழெட்டு மாதம் அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் அண்ணனிடம் கொடுத்துவிடுவார். பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். மாத்திரை போடுகிற அன்றைக்கு வாந்தி வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் போனேன். நிறுத்திக்கொண்டு, டாக்டரின் நம்பரைக் கொடுத்து, நானே அவருக்குப் பேசி நேரம் வாங்கினேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வருகிறார். கூட நான் போகிறேன். வீக்கம் வற்றிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் வளைந்தது வளைந்ததுதான், அவை இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறிக்கு அவர் திரும்பப் போகவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அடக்குகிற செல்களைப் பற்றிய பாடம் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. பலகையில் செல்லை வரைந்து அதன் மேல்புறத்தில் ஒவ்வொரு புரதமாக நட்டுக்கொண்டு வரும்போது, அந்த ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன்.

போன மாதம் வாசுதேவநல்லூரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர் நான் என்ன படித்தேன் என்று விசாரித்தார். எனக்கு முன்னால் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இவ மதினிக்குக் கையி இப்படி ஆயிட்டுல்லா அண்ணாச்சி, அதுக்குத்தான் இவ ஆராய்ச்சியே பண்ணுனா. ராப்பகலா ஒழச்சா. இன்னைக்கு அவ நடமாடுதான்னா இவதான் காரணம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மதினி அண்ணனிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது. எதிர்ப் பந்தியில் மதினி உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். இலையில் இருந்த அப்பளத்தை வளைந்த விரல்களால் நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் என்னைப் பார்த்து, "நல்லா இரு தாயி," என்று சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பெண் என்று அவர் அண்ணனிடம் சொன்னது கேட்டது.